வந்த மகனைப் பாடாத ஒப்பாரி

இன்று காலை ஒஸ்லோ புருசெத் மரக்கறிக் கடையில் கொத்தமல்லி எடுக்கப் போன கை பக்கத்து இலைக்கட்டில் பட்டுவிட்டது. விரலை முகர்ந்ததும் உங்கள் குசினி வந்து முன்னால் நின்றது. ஊரில் பிள்ளை பெற்றவளுக்குச் சரக்கு அரைக்கும்போது சேர்க்கிற சதகுப்பையின் இலைதான் இது என்று ஒருநாள் உங்களுக்குச் சொன்னேன். பீற்றூட் சூப் கிளறிக்கொண்டிருந்த அகப்பையை அப்படியே விட்டுவிட்டு, அதை எழுதிவைக்கப் பேனை தேடி ஓடினீர்கள். சூப் அடிப்பிடித்தது. அந்த அடிப்பிடித்த மணத்தோடுதான் எனக்கு இந்த இலை ஞாபகம்.

கட்டைத் திரும்ப வைத்துவிட்டு வந்துவிட்டேன் அக்கா. நீங்கள் போய் ஒரு பனிமாரி முடிந்துவிட்டது. ஒவ்வொரு நாளும் வரவு செலவு எழுதாமல் படுக்காத நான், உங்களுக்கு ஒரு வரி எழுதவில்லை. நேரம் இல்லாமல் அல்ல, வெட்கத்தில். போன ஆளுக்கு முன்னால் என்ன வெட்கம் என்று நீங்கள் சிரிப்பீர்கள். எனக்கு அப்படி இல்லை. உயிரோடு இருந்திருந்தால் ஒரு தேத்தண்ணி ஊற்றித் தந்து சொல்லியிருப்பேன். இப்போது எழுதத்தான் வேண்டும்.

நாங்கள் முதலில் சந்தித்தது எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், எல்லோருக்கும் பொதுவான உடுப்புத் தோய்க்கும் அறையில். வெள்ளிக்கிழமை, எனக்கு விரதம். மெசின் சுற்றுகிற சத்தத்துக்குள் யாருக்குக் கேட்கப்போகிறது என்ற துணிவில், ஒரு பதிகத்தை முணுமுணுத்தபடி போர்வை மடித்துக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு குரல், “நிப்பாட்டாதையும்.”

நீங்கள் பேசியது நோர்வேஜிய மொழிதான். பிள்ளைகளின் பாடப் புத்தகத்திலும் கடைத் துண்டுப் பிரசுரத்திலும் நானாகப் படித்த மொழி அது. ஆனால் நீங்கள் சொன்ன எதுவும் எனக்கு அந்த மொழியில் ஞாபகமில்லை. எல்லாவற்றையும் என் காது எங்கள் பேச்சிலேயே எடுத்து வைத்திருக்கிறது. இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

“எந்த ஊர் நீங்கள்?” என்று கேட்டேன். உங்கள் நோர்வேஜியத்திலும் ஒரு பிறத்தியாரின் இழுவை இருந்தது.

“பிறந்தது கனடா. அதுக்கு முந்தி எங்கட ஆக்கள் உக்ரேன்.”

“எங்கட சனம் முழுக்க இஞ்சை இருந்து கனடாவுக்குப் போகத் துடிக்குது. நீங்கள் என்ன எதிர்ப்பக்கமா வந்திருக்கிறியள்?”

“ஒரு நோர்வேக்காரனை நம்பி வந்தனான். அவன் செத்துப்போனான். இனித் திரும்பிப் போய் ஆருக்குக் கதை சொல்ல?” என்றீர்கள். பிறகு என் போர்வையின் மற்ற நுனியைப் பிடித்தீர்கள். இருவருமாக மடித்தோம்.

அதற்குப் பிறகு உங்கள் மூன்றாம் மாடி வீட்டுக்கு நான் வராத வாரம் குறைவு. கனடாவின் கோதுமை வெளிகளில் வளர்ந்தவர் நீங்கள். சின்ன வயதில், முக்காடு போட்ட தாயோடு கடைத்தெருவில் நடக்க வெட்கப்பட்டு நாலடி பின்னால் போனவர். பல்கலைக்கழகத்தில் ஒருவர் “உங்கட வீட்டிலை என்ன பாட்டுப் பாடுவினம்?” என்று கேட்டபோது பதில் தெரியாமல் நின்றதையும், அன்றே பஸ் ஏறி வீட்டுக்குப் போனதையும் சொன்னீர்கள். பிறகு உங்கள் வாழ்க்கை முழுவதும் அந்தக் கேள்விக்குப் பதில் தேடியதுதான். தையல் இயந்திரம் மாதிரிப் பாரமான ரேப் ரெக்கோடரைக் காரில் போட்டுக்கொண்டு, பனியில் புதைந்த பண்ணை வீடுகளுக்குப் போய், உக்ரேனிலிருந்து குடிவந்த கிழவிகளின் கலியாணப் பாட்டையும் பகிடியையும் பேய்க்கதையையும் பிடித்துவந்தீர்கள். உங்கள் மகன் அப்போது சின்னப்பிள்ளை, கார்ப் பின் ஆசனத்தில் தூங்கிக்கொண்டு வருவாராம்.

ஒஸ்லோப் பல்கலைக்கழகத்தில் உங்களுக்கு நிரந்தர இடம் கிடைக்கவில்லை. கனடாவில் இருக்கிற உக்ரேனியரின் பாட்டை நோர்வேயில் எதற்குப் படிப்பிக்க வேண்டும் என்று இங்கே கேட்டார்கள். நோர்வேயில் இருக்கிறவள் எங்கள் பாட்டை எதற்கு எழுதுகிறாள் என்று அங்கே கேட்டார்கள். அரை நேர வகுப்பும் கால் நேர வகுப்புமாகவே உங்கள் உத்தியோகம் முடிந்தது. ஆனால் வேலை முடியவில்லை. பிள்ளை பார்க்கும் வேலைக்கென்று உக்ரேனிலிருந்து வந்த பெட்டைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் குசினியில் கொழுக்கட்டை மாதிரி எதையோ மடித்துக்கொண்டிருப்பார்கள். “அதெல்லாம் கிராமத்துச் சனத்தின்ரை பாட்டு, எங்களுக்குத் தெரியாது” என்று முதலில் முகம் சுளித்தவர்கள்தான் பிறகு மேசையில் தாளம் போட்டார்கள்.

“ஆக்கள் எதுக்கு வெக்கப்படுகினமோ, அங்கைதான் நான் ரேப்பைப் போடுவன்” என்பீர்கள்.

என்னிடமும் போட்டீர்கள். நான் உச்சரிப்புச் சுத்தமாகப் பதிகம் பாடி, பொருளும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டீர்கள். முடிந்ததும் பொத்தானை அமத்தினீர்கள்.

“நல்ல வடிவாப் பாடுறீர். இனி நீர் பாடாததைச் சொல்லும். உங்கட ஊரில ஒரு ஆள் செத்தால் பொம்பிளையள் என்ன செய்வினம்?”

“பதிகம் படிப்பம். சுண்ணம் இடிப்பம்.”

“அது ஐயர் சொல்லிச் செய்யிறது. பொம்பிளையள்?”

“ஒப்பாரி வைப்பினம். அது படிக்காத சனம் செய்யிறது, அக்கா. நாங்கள் செய்யிறேல்லை.”

நீங்கள் ஒரு கோப்பை தேத்தண்ணியை என் பக்கம் தள்ளினீர்கள். அந்தக் கோப்பை முடிவதற்குள் நான் சொன்னது பொய் என்று சொல்லிவிட்டேன். எங்கள் ஊர் ஒழுங்கையில் ஒப்பாரிக்குக் குரல் எடுத்துக் கொடுக்கிற ஆள் என் அம்மாதான். எந்தச் செத்தவீட்டிலும் அம்மா போய் வாசல் படலையடியில் நின்று முதல் அடியை இழுத்தால்தான் மற்றப் பெண்கள் கட்டிப்பிடித்து அழத் தொடங்குவார்கள். பள்ளிக்கூடத்தில் என்னை ‘ஒப்பாரியின்ரை மகள்’ என்று கூப்பிட்டார்கள். அந்தப் பெயருக்குப் பயந்துதான் நான் பதிகத்தைப் பிடித்துக்கொண்டேன் போலிருக்கிறது. அந்த அம்மா, ஊரே இடம்பெயர்ந்து ஓடிய காலத்தில், வன்னிக் காட்டுக்குள் ஒரு மரத்தடியில் காய்ச்சலில் செத்தார். செய்தி இங்கே தொலைபேசியில் வந்தது. பிள்ளைகள் சின்னன்கள். கீழ்வீட்டுக்காரர் சத்தம் என்று முறைப்பாடு கொடுப்பார். நான் அழவில்லை. அந்தியேட்டிச் சடங்கைக் குறையில்லாமல் செய்தேன், சனத்துக்குச் சாப்பாடு கொடுத்தேன், அவ்வளவுதான்.

ரேப்பை நீங்கள் போடவில்லை. அதற்காக உங்களை நான் கும்பிட வேண்டும். பதிலாக ஒரு கதை சொன்னீர்கள்.

“எனக்கு ஒரு ஒப்பாரி வேணுமெண்டு அந்தக் காலத்திலை வீடு வீடாத் திரிஞ்சனான். ஒருத்தியும் பாட மாட்டாளாம். செத்த ஆள் இல்லாமல் பாடினால் ஒரு சாவை வருந்திக் கூப்பிட்ட மாதிரியாம். கடைசியா ஒரு கிழவி ஓமெண்டவ. ஆருக்கு அழுதவ தெரியுமோ?”

“ஆருக்கு?”

“ஊரிலை விட்டிட்டு வந்த அடுப்புக்கு. தாயும் தானுமா மண் குழைச்சுக் கட்டின அடுப்பாம். அதைக் கட்டிப்பிடிக்கிற மாதிரிக் கையை வைச்சுக்கொண்டு அழுதா. அப்பிடி ஒரு ஒப்பாரி நான் பிறகு கேக்கேல்லை.”

நான் சிரித்துவிட்டேன். நீங்களும் சிரித்தீர்கள். பிறகு, அதை ஒரு மகாநாட்டில் போட்டுக் காட்டியபோது ஒரு பெரிய பேராசிரியரும் இப்படித்தான் சிரித்தார் என்றும், இது உண்மையான ஒப்பாரி ஆகாது என்று அவர் சொன்னதால் புத்தகத்திலிருந்து அதை எடுத்துவிட்டீர்கள் என்றும் சொன்னீர்கள். “அந்தக் கிழவியின்ரை முகத்திலை நான் பிறகு முழிக்கேல்லை” என்றீர்கள். என் சிரிப்பு எங்கே போய் ஒளிப்பது என்று தெரியாமல் நின்றது.

வருத்தம் வந்து நீங்கள் படுக்கையில் விழுந்த பிறகு ஒருநாள், கஞ்சி கொண்டுவந்திருந்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டீர்கள்.

“எவ்வளவு பேரின்ரை அழுகையைச் சேத்து வைச்சிருக்கிறன். எனக்கு ஆர் அழப்போகினம்? மகனுக்கு எங்கட பாசை தெரியாது. இந்தப் பெட்டையள் வெக்கப்படுங்கள். நீர் அழுவீரோ, உங்கட முறையிலை?”

“அப்பிடிக் கதையாதேங்கோ அக்கா.”

“நான் கேக்கிறன். அழுவீரோ?”

“பாப்பம்” என்றேன். எங்கள் ஆட்களிடம் பாப்பம் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியாமலா போயிருக்கும். தெரிந்துதான் சிரித்தீர்கள்.

இந்த இடத்தில் உங்கள் மகனைப் பற்றி ஒழுங்காக எழுதவேண்டும். ஏனென்றால் என் வெட்கம் முழுவதும் அவரைச் சுற்றித்தான் கிடக்கிறது. வடக்கே ஹம்மர்பெஸ்டில், எரிவாயு வேலைக்கென்று போய் அங்கேயே இருப்பவர். அந்த மாரி முழுக்க விமானம் ஏறி வந்து வந்து போனார். முற்றத்துக் காற்றில் தாடியில் பனி படிந்திருக்க, நேரே வந்து அடுப்பில் தண்ணீர் வைப்பார். கையைச் சூடாக்கிக்கொண்டுதான் உங்களைத் தொடுவார். உங்கள் தலையை அவரே இழுத்துவிட்டதைக் கண்டிருக்கிறேன். அவ்வளவு பெரிய கையில் அந்தச் சின்னச் சீப்பு. நான் கொண்டுவந்த கஞ்சியை வடித்து, கரண்டியால் பருக்கினார். நீங்கள் கண்ணை மூடியபோது உங்கள் கை அவர் கைக்குள் இருந்தது. இதெல்லாம் நான் பார்த்தவை. கேள்விப்பட்டவை அல்ல.

செத்தவீட்டுக்குப் புறப்படும்போது என் மனிசன் சேட்டுப் பொத்தான் பூட்டிக்கொண்டே சொன்னார். “இஞ்சேரும், அங்கை போய்க் குரல் எடுத்துப்போடாதையும். இவையள் மூக்குக்குள்ளைதான் அழுவினம்.”

“எனக்கென்ன விசரோ?” என்றேன்.

உண்மையாகவே அந்த எண்ணம் எனக்கு இருக்கவில்லை. இங்கத்தைய முறைப்படி ஒவ்வொருவரும் ஒரு பூவோடு சவப்பெட்டிக்குக் கிட்டப் போய் இரண்டு வார்த்தை சொல்வார்கள் என்று கேட்டறிந்து, இரண்டு வசனம் பாடமாக்கி வைத்திருந்தேன். நீங்கள் நல்ல அயலவர். உங்கள் வேலைக்கு நன்றி. அவ்வளவு. பாப்பம் என்று சொன்னதற்கு அது போதும் என்று கணக்கை முடித்திருந்தேன்.

ஆனால் அதற்கு முன்னால் உங்கள் மகன் எழும்பி, “அம்மா புத்தகத்திலை போடாத ஒண்டு” என்று சொல்லிச் சின்ன ரேப் பெட்டி ஒன்றை அமத்தினார். ரேப்பின் இரைச்சல். பிறகு அந்தக் கிழவி. அடுப்புக்கு அழுத கிழவி. ஒரு சொல் விளங்கவில்லை எனக்கு. ஆனால் முதல் அடியை மேலே தூக்கி, மூச்சு முடிகிற இடத்தில் சட்டென்று கீழே விடுகிற அந்த இழுவை இருக்கிறதே, அது படலையடியில் நின்ற என் அம்மாவுடையது. முன்வரிசையில் இருந்தவர்கள் மரியாதையாகப் புன்னகைத்தார்கள். என் கையில் பூவின் தண்டு முறிந்திருந்தது.

என்னுடைய முறை வந்தது. பெட்டிக்குக் கிட்டப் போனேன். வாயைத் திறந்தேன்.

“பனி மூடின பாதையிலை பாட்டுத் தேடிப் போனவளே, என்ரை அம்மா,
தேடின பாட்டெல்லாம் தெருவிலையோ விட்டுப் போறாய்?
பெத்த மகன் தூர தேசம், பெட்டியடி வெறும் வாசல்,
ஒத்தையிலை போனியோ, என்னைப் பெத்த தாயே.
காட்டு மரத்தடியிலை காய்ச்சலோடை கிடந்தியோ,
கொள்ளி வைக்க ஆளில்லாமல் கூட்டத்தோடை விட்டினமோ.”

இதற்கு மேலும் பாடினேன். என்ன பாடினேன் என்று தெரியாது. ஐந்து வருசமாக அக்கா என்று கூப்பிட்ட உங்களை அம்மா என்று அழுதேன். நீங்கள் எந்தக் காட்டு மரத்தடியில் கிடந்தீர்கள்? சுத்தமான வெள்ளைத் துணியில், மகனுடைய கையைப் பிடித்துக்கொண்டு போனவர். என் அம்மாவுக்கு அழாத அழுகையை உங்கள் கணக்கில் அழுதிருக்கிறேன். மனிசன் வந்து தோளைப் பிடித்து ஆசனத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஓகன் இசை வாசிக்கிறவர் தொடங்குவதா விடுவதா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கத்து அறையில் கோப்பியும் பாண் துண்டும் வைத்திருந்தார்கள். நான் மூலையில் குனிந்தபடி இருந்தேன். உங்கள் மகன் நேரே எங்களிடம் வந்தார். கோபம் இல்லை. கண் சிவந்திருந்தது. அம்மா ஆசைப்பட்டது இதைத்தானோ என்று கேட்டார். மனிசன் தலையாட்டினார்.

“அவ என்ன பாடினவ?” என்று மனிசனிடம் கேட்டார்.

மனிசன் என்னைப் பார்த்தார். “அவ நல்லவ எண்டு பாடினதெண்டு சொல்லுங்கோ” என்றேன் தமிழில்.

“அவர் பாட்டின்ரை கருத்தைக் கேக்கிறார். நான் என்னெண்டு பொய் சொல்லுறது?”

“அந்த மகன்ரை அடியை மட்டும் விட்டிடுங்கோ.”

நாங்கள் மறைக்கிறோம் என்பது மொழி தெரியாதவருக்கும் விளங்கும். அவர் மெதுவாகச் சொன்னார். “எல்லாத்தையும் சொல்லுங்கோ. அம்மா ஒரு சொல்லையும் விடவிட மாட்டா.”

என் மனிசன் பஸ் ஓட்டுகிறவர். போகிற பாதையை விட்டு விலகத் தெரியாதவர். ஒவ்வொரு அடியாகச் சொன்னார். பனிப் பாதையைச் சொன்னபோது உங்கள் மகன் புன்னகைத்தார். பெத்த மகன் தூர தேசம், பெட்டியடி வெறும் வாசல், ஒத்தையிலை போனியோ என்று சொன்னபோது, கையில் இருந்த கோப்பையைக் குனிந்து பார்த்தார்.

“தூரம்தான்” என்றார். “ஹம்மர்பெஸ்ட் தூரம்தான்.”

நான் எழும்பிவிட்டேன். எனக்குத் தெரிந்த நோர்வேஜியம் முழுவதையும் வாரி இறைத்தேன். அது உங்களைச் சொன்னதில்லை, அது எல்லா ஒப்பாரியிலும் வரும், மகன் பக்கத்தில் நின்றாலும் அப்படித்தான் பாடுவோம், மருமகள் தண்ணி கொடுக்கவில்லை என்றும் பாடுவோம், கொடுத்த மருமகள் அங்கேயே நின்று அழுவாள், ஒருவரும் கோபிக்க மாட்டார்கள் என்று சொன்னேன். சொல்லச் சொல்ல அது இன்னும் பிழையாகிக்கொண்டு போனது. வழக்கம் என்றால் பொய்யைப் பாடுவீர்களா என்பதுபோல் பார்த்தார். அந்த அடி ஆளைக் குற்றம் சொல்வதற்கு அல்ல, அழுகைக்கு வழி வெட்டுவதற்கு என்று அவருக்கு விளங்கும் மொழியில் சொல்லக்கூடிய ஒரே ஒரு ஆள் அந்த இடத்தில் இருந்தார் அக்கா. அவர் பக்கத்து மண்டபத்தில் பெட்டிக்குள் கிடந்தார்.

“அம்மா இருந்தா இதுக்கொரு அடிக்குறிப்புப் போட்டிருப்பா” என்றார் கடைசியில். சிரிக்கப் பார்த்தார். கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, மேற்சட்டைகூடப் போடாமல் வெளியே போய்ப் பனியில் நின்றார். கண்ணாடிக்குள்ளால் அவருடைய முதுகு தெரிந்தது.

வீட்டுக்கு வரும்போது மனிசன் சொன்னது ஒன்றுதான். “ரெண்டு வசனம் பாடமாக்கினீர். அதிலை ஒண்டையாவது சொல்லியிருக்கலாம்.” அடுத்த வெள்ளி கோயிலில் ஒருத்தி, “வெள்ளைக்காரிக்கு ஒப்பாரி வைச்சது நீங்கள்தானாம், உண்மையோ?” என்று கேட்டாள். ஓம் என்றேன். இன்னும் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அந்த வெட்கத்தை என்னால் தாங்க முடிந்தது. பள்ளிக்கூடத்திலேயே பழகினதுதான்.

மற்ற வெட்கம் பழகவில்லை. உங்கள் மகனுக்கு ஒரு கடிதம் எழுதி, பிள்ளையைக் கொண்டு பிழை திருத்தி அனுப்பினேன். நீங்கள் வந்ததை நான் கண்டேன், அம்மாவுக்குத் தலை இழுத்துவிட்டதைக் கண்டேன் என்று எழுதியிருந்தேன். மறுமொழியாக ஒரு தபால் காட் வந்தது, கடலும் மீன்பிடி வள்ளங்களும் போட்ட காட். பின்னால் ‘கஞ்சிக்கு நன்றி’ என்று இருந்தது. ஒப்பாரியைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவர் நல்லவர், அதனால்தான் ஒன்றும் எழுதவில்லை. அது எனக்குத் தெரிகிறபடியால்தான் இன்னும் கூசுகிறது.

தினம் சாமி விளக்கேற்றிக் கும்பிடும்போது உங்கள் பெயரைச் சொல்கிறேன். அது எனக்கு இலேசான காரியம். இலேசில்லாத ஒன்றையும் செய்து பார்க்கிறேன். குசினியில் புகைவிசிறியைப் போட்டுவிட்டு, அதே மெட்டில், நடந்ததை நடந்தபடி கட்டிப் பார்க்கிறேன். “கை சூடாக்கித் தொட்ட மகன், சீப்பெடுத்துத் தலையிழுத்து, கஞ்சி வடிச்சுப் பருக்கி, கண் மூடுமட்டும் கை விடேல்லை.” சொல் எல்லாம் மெட்டில் இருக்கிறது. ஆனால் மூன்றாம் அடிக்கு வரும்போது குரல் கீழே விழ மாட்டேன் என்கிறது. தாலாட்டு மாதிரி ஆகிவிடுகிறது. அம்மா பாடிய எல்லாவற்றையும் நினைத்துப் பார்த்தேன். வராத மகன், கேளாத தம்பி, பாராத சுற்றம். வந்த ஒருவனையும் அம்மா பாடி நான் கேட்டதில்லை. வந்தவர்கள் முற்றத்தில் நின்றுகொண்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

அந்தக் கோதுமை வெளிகளில் ஏதாவது ஒரு வீட்டில், ஏதாவது ஒரு கிழவி, பக்கத்தில் நின்ற மகனைச் சொல்லி அழுதிருக்கிறாளா அக்கா? அப்படி ஒன்று இருந்தால் அது எப்படிக் கீழே இறங்குகிறது? இதை ஆரிடம் கேட்பேன். நாளைக்கும் கட்டிப் பார்ப்பேன். அந்த அடி வருகிற அன்றைக்கு ஹம்மர்பெஸ்டுக்குத் தொலைபேசி எடுத்து, அவர் ஹலோ சொல்வதற்குள் பாடிவிட வேண்டும். ஹலோ சொல்லிவிட்டால் எனக்கு வாய் வராது.